எங்கள் தொன்மை, சதுர அடி என்ன விலை?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பழமைக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. கைத்தறி ஜிப்பா, கழுத்தில் கேமரா, தோளில் துணிப்பை. கபாலி கோயில் மாடவீதியில் தொடங்கி லஸ் முனை வரை ஒரு மரபு நடை. மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளின் திண்ணைகளைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். விட்டவர்களில் பாதிப் பேர் தாத்தா கட்டிய வீட்டை பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாடியில் இரண்டு ஃப்ளாட் வாங்கிக்கொண்டவர்கள். போகட்டும். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கு ஒரு மணல்வெளி எழுதிக் கொடுக்கப்பட்டது, அன்றுதான் இந்த ஊர் பிறந்தது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி 2024-இல் சென்னைக்கு 385 வயது.

ஊருக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே மண்ணடுக்கில் கிடைத்த ஒருவகைக் கற்கருவிகளின் காலம் சுமார் 3,85,000 ஆண்டு என்று 2018-இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வெளியானது. அதற்கும் கீழடுக்கில் இருப்பவை பதினைந்து லட்சம் ஆண்டுப் பழசு. 385-க்கும் 3,85,000-க்கும் மூன்று சைபர்தான் வித்தியாசம். மனை விலை சொல்லும்போது ஒரு சைபரைக்கூடத் தவறவிடாத ஊர், தன் வயதைச் சொல்லும்போது மட்டும் மூன்றை முழுங்கிவிட்டு நிற்கிறது.

அத்திரம்பாக்கம் தூரம் என்பவர்கள் மாம்பலத்தில் மின்ரயில் ஏறலாம். சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை தாண்டி, திரிசூலத்துக்கு அடுத்து பல்லாவரம். ரங்கநாதன் தெருவில் ஒரு புடவை எடுக்கிற நேரம்கூட ஆகாது. அங்கேதான் 1863 மே 30 அன்று, ராணுவ அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்துச் சரளைக் குழியில், இந்திய நிலவியல் அளவைத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் செதுக்கிய கல். இந்தியாவின் தொல்பழங்காலம் என்ற படிப்பே அந்தக் குழியில்தான் தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்து, 1880களின் இறுதியில், அதே பல்லாவரத்துக் குன்றுச் சரிவில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். சுடுமண்ணால் செய்து, அடியில் வரிசையாகக் கால்கள் வைத்த ஈமப்பேழை கிடைத்தது. உள்ளே எலும்பு. ஆதிச்சநல்லூரைப் பெரிய அளவில் தோண்டிப் பேர் வாங்கியவரும் பிற்பாடு இதே ரீதான்.

இப்படிப்பட்ட பேழைகளைச் சுற்றி நிற்கிற கல்வட்டம் என்பது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதைப் பார்த்தும் பார்க்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நாம். வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிறுதாவூர் பக்கத்துக் கரட்டுமேடுகளில் ஆள் இடுப்பளவோ முழங்காலளவோ உயரமுள்ள உருண்டைக் கற்கள் வட்டமாக நிற்கும். நடுவில் சின்னக் கற்களும் மண்ணும் கலந்த மேடு. அதைக் கவனமாக நீக்கினால் கீழே கற்பலகைகளால் பெட்டிபோல் கட்டிய அறை இருக்கும், அல்லது முதுமக்கள் தாழி, அல்லது கால்வைத்த பேழை. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் முழு உடலாக இருக்க மாட்டார். உடலை வேறிடத்தில் விட்டு, சதை போனபின் எலும்புகளைப் பொறுக்கி வந்து, கறுப்பு-சிவப்புப் பானைகளோடும் இரும்பு வாளோடும் ஈட்டியோடும் வைத்து மூடியிருப்பார்கள். சூதுபவள மணி கிடைத்தால், அந்தக் கல் வெகுதூரத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது என்று தெரியும். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. மூடுகல்லை நகர்த்த ஊரே தோள் கொடுத்திருக்க வேண்டும். செத்தவர் ஒருவர், உழைத்தவர் நூறு பேர்.

இன்னொன்றையும் தொல்லியலாளர்கள் கவனித்திருக்கிறார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்தச் சவக்காடுகள் அநேகமாகப் பயிர் ஏறாத பாறை மேட்டில், ஏரிக்கு அருகில் இருக்கின்றன. செத்தவருக்குக் கல்லாங்குத்து, இருப்பவருக்கு நஞ்சை. எழுத்தறிவு கிடையாது, டவுன் பிளானிங் பட்டம் கிடையாது, நில உபயோகம் இவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரைக் கட்டிய நாமோ, ஒவ்வொரு டிசம்பரிலும் உஸ்மான் சாலையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு “இங்கே எப்படித் தண்ணீர் வந்தது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கல்வட்டங்கள் எப்படி அபார்ட்மென்ட் ஆகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய துப்பறிதல் தேவையில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இவை எதற்கும் கல்லறை என்று பெயர் கிடையாது. தரிசு, கரடு, கல்லாங்குத்து, மேய்ச்சல் புறம்போக்கு. மூவாயிரம் வருஷத்து மனிதனை ஆடு மேய்கிற இடம் என்று எழுதியபிறகு, ஆட்டைத் தவிர யாருக்கும் அங்கே உரிமை கிடையாது. ஆட்டுக்கு ஓட்டும் கிடையாது. முதலில் கல்லுடைக்க அனுமதி. வட்டத்தில் நிற்கிற கல் ஏற்கெனவே வெளியே நிற்கிறது, வெடி வைக்கும் செலவு மிச்சம். லாரியில் ஏறி, கிரஷரில் விழுந்து, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, எம்-சாண்ட் என்று தரம் பிரிந்து நகரத்துக்குள் வருகிறது. அடையாற்றில் ஒரு தூண், ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு பீம். பிறகு மேடு சமமாகிறது. ஜேசிபி ஒரு வாளி அள்ளும்போது பானை ஓடு வந்தால் ஓட்டுநர் ஒரு நிமிஷம் நிறுத்துவார். பயந்தவர் கற்பூரம் கொளுத்துவார், ஆசைப்பட்டவர் புதையலைத் தேடுவார். எலும்பும் இரும்புத் துருவும் மட்டும் இருந்தால் உடைத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு அது என்னவென்று யாரும் சொன்னதில்லை, நாள் கூலியில் பிடித்தம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டியவர்கள் பாண்டி பஜாரில் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். லேஅவுட்டுக்குக் கொடி நட்டு, மனை ஒன்றுக்கு ஒரு கிராம் தங்கக் காசு இலவசம் என்று விளம்பரம் போட்டு, பெயரில் ‘ஹெரிடேஜ்’ என்றோ ‘மரபு’ என்றோ ஒரு சொல் ஒட்டுகிறார்கள். இருந்த மரபை உடைத்து ஜல்லியாக்கி அதன்மேல் நின்றுகொண்டு மரபு என்று பெயர் வைக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். வாங்க வருகிறவர் மயிலாப்பூர்க்காரர். வாஸ்து பார்ப்பார். எதிரில் சுடுகாடு என்றால் வேண்டாம் என்பார், அல்லது சதுர அடிக்கு இவ்வளவு குறை என்று பேரம் பேசுவார். மொத்த லேஅவுட்டும் சவக்காடு என்பது மட்டும் வில்லங்கச் சான்றிதழில் வராது. வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருஷத்துக்குப் பார்த்தாலே பெரிது.

கல் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலயத்து வளாகத்தில் ஜோப் சார்னாக் என்ற கும்பினி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் செத்தவர். அவர் கல்லறைக்கு வைத்த கல் நம் பல்லாவரம்-பரங்கிமலைப் பக்கத்துக் கல். 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறை வகையை ஆராய்ந்து, அந்தக் கல்லறைக்காரரின் நினைவாக அதற்கு ‘சார்னாக்கைட்’ என்று பெயர் வைத்தார். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பரங்கிமலைப் பக்கத்தில் அதற்குத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்கூட உண்டு. பல்லாவரத்துக் கல் ஒரு வெள்ளைக்காரன் கல்லறைமேல் போய் உட்கார்ந்ததும் அறிவியல் அகராதி ஏறிவிட்டது. அதே வட்டாரத்துக் கல் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நம்மவன் கல்லறையைச் சுற்றி நின்றது. அதற்கு நாம் வைத்த பெயர் முக்கால் ஜல்லி.

சட்டம் இல்லையா என்பீர்கள். பேஷாக இருக்கிறது. 1958-இன் தொல்சின்னங்கள் சட்டம், 2010-இல் அதற்குத் திருத்தம். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடவே கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிராமம் கிராமமாக இந்தப் பெருங்கற்காலச் சவக்காடுகள் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறியிருக்கின்றன. ஜமீன் பல்லாவரமும் அதில் ஒன்று. அங்கே என்ன நடந்தது? வீடுகள் நெருக்கிக் கட்டி, குடும்பங்கள் குடியேறி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு சட்டம் மெதுவாகக் கண் விழித்தது. ஒழுகுகிற ஓட்டை மாற்றக்கூடத் தனி அனுமதி வேண்டும், மகனுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஓர் அறை எடுக்க அனுமதி இல்லை, வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. தடையில்லாச் சான்றுக்கு அலைந்து அலைந்து கால் தேய்ந்தவர்களுக்குப் பெருங்கற்காலம் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. வராமல் என்ன செய்யும்? கிரஷர்காரனைத் தொடாத சட்டம், கழிப்பறைக்கு நாலு செங்கல் அடுக்கியவனைப் பிடித்துக்கொண்டது. மேட்டையே தின்றவன் போனபிறகு, மேடு இருந்த இடத்தில் ஒரு நீலப் பலகையை நட்டு, அதைச் சுற்றி நூறு மீட்டருக்கு ஏழையைக் காவல் காக்கிறார்கள்.

இந்தப் பலகைகளை நடுகிற மத்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டைக்குள்ளே கிளைவ் வீட்டில் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் குடியிருந்த மாளிகை. தமிழனின் ஆகப் பழைய கல்லறைகளுக்குக் காவல் யார் என்று கேட்டால் கிளைவ் துரை வீட்டைக் கைகாட்ட வேண்டியிருக்கிறது. நான் இதை இட்டுக்கட்டவில்லை. அங்கதம் எழுதுகிறவனுக்கு இந்த அரசாங்கங்கள் வேலையே வைப்பதில்லை.

காவல் எந்த லட்சணத்தில் நடக்கிறது? 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடு முழுக்க 1,655 சின்னங்களை நேரில் போய்த் தேடச் சொன்னார். 92 சின்னங்களைக் காணோம். குடையைத் தொலைக்கலாம், செருப்பைத் தொலைக்கலாம். இவர்கள் கோபுரத்தையும் கல்லறையையும் தொலைத்தார்கள். பதறிப் போய்த் தேடியதில் 42 கிடைத்தன. மிச்சம் ஐம்பதுக்குக் கலாசார அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் கணக்குக் கொடுத்தது: 14 நகரம் வளர்ந்ததில் போயிற்று, 12 அணையில் மூழ்கிற்று, 24 எங்கே என்றே தெரியவில்லை. காவலுக்கு 7,000 பேர் தேவை, போட்டது 2,578 பேர் என்பதும் அதே கணக்கில் உண்டு. 2024 மார்ச்சில் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். காணாமல் போனவற்றில் 18-ஐப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பட்டியலில் இல்லாதது தொலைய முடியாது அல்லவா? இப்படியே பட்டியலைச் சுருக்கிக்கொண்டு போனால் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று சீக்கிரமே அறிவித்துவிடலாம்.

தில்லியைச் சொல்லிவிட்டுச் சென்னையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2025 ஜனவரி 23, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். ‘இரும்பின் தொன்மை’ நூலை முதலமைச்சர் வெளியிட்டார். சிவகளையில் கிடைத்த இரும்புக்கு 5,300 ஆண்டுப் பழமை, இரும்புக் காலம் தமிழ் மண்ணில் தொடங்கியது என்று அறிவிப்பு. அரங்கம் அதிரக் கைதட்டல். ஆய்வைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல ஆய்வு, வெவ்வேறு ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பிச் செய்தது, உலகம் விவாதிக்கட்டும். அதே அறிக்கையில் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியும் வருகிறது. அங்கே ஈமப்பேழை வைத்த கல்லறைக்குக் கிடைத்த காலம் கி.மு. 1692. பல்லாவரத்துப் பேழையின் உறவுக்காரர். கைதட்டியவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கல்லறையிலிருந்து கரித்துண்டு கிடைத்ததால்தானே இந்தக் காலக்கணக்கு? கல்லறையே மிஞ்சாத ஊரில் எதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, எம்-சாண்டையா? சிவகளைக்கு ஒரு நியாயம், சென்னைக்குத் தெற்கே இருக்கிற மேட்டுக்கு ஒரு நியாயம். தாமிரபரணிக் கரையில் கிடைத்தால் நாகரிகம், ஓஎம்ஆரில் கிடைத்தால் இடைஞ்சல்.

இதில் தில்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற போட்டியைப் பார்க்க வேண்டும். கீழடி அகழாய்வு பற்றி 982 பக்க அறிக்கையை 2023-இல் கொடுத்தவரிடம், திருத்தி எழுதிக் கொண்டுவா என்று 2025-இல் தில்லி சொன்னது. இங்கே மேடைக்கு மேடை அதற்குப் பதிலடி. ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் தோண்டியதன் அறிக்கை பதினைந்து வருஷம் தூங்கி, நீதிமன்றம் உலுக்கியபிறகு எழுந்தது. ஒருவர் அறிக்கையைப் புதைக்கிறார், ஒருவர் அறிக்கையைக் கொடியாகப் பிடிக்கிறார். இரண்டு பேரும் சண்டை போடுகிற சத்தத்தில் கிரஷர் ஓடுகிற சத்தம் கேட்பதில்லை. கிரஷர்காரருக்கு இரண்டு தரப்பிலும் வேண்டியவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் 1915-இல் ஏலத்துக்கு வந்தது. செசில் சப் என்ற வக்கீல் 6,600 பவுண்டுக்கு எடுத்து, மூன்றே வருஷத்தில் நாட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பக்கத்துச் சாலையைச் சுரங்கத்தில் இறக்கலாமா என்று பல வருஷம் வழக்கும் வாதமும் நடந்து, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். கொரியாக்காரர்கள் தங்கள் கல்திட்டைகளை 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். செனகல், காம்பியா என்ற இரண்டு ஏழை நாடுகள் கைகோத்துத் தங்கள் கல்வட்டங்களை 2006-இல் ஏற்றின. நம்மூர்க்காரர்கள் ஸ்டோன்ஹெஞ்ச் போய்க் குடும்பத்தோடு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். வாஸ்தவத்தில் அந்தப் படம் எடுக்கக் கூடுவாஞ்சேரி போதும், டிக்கெட்டும் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் கல்லும் இருக்காது.

தமிழனுக்குப் பெருங்கற்காலப் பண்பாட்டில் மரியாதை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பண்பாடு மெரினாவில் உயிரோடு இருக்கிறது. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்ஜிஆர், 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி. தலைவன் செத்தால் ஊர் கூடிப் பெருங்கல் எடுப்பது என்ற வழக்கம் அணுவளவும் மாறவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது: பயனில்லாத மேட்டிலிருந்து நகரத்தின் ஆக விலையுயர்ந்த கடற்கரைக்கு. ஒருவருக்கு ஃபீனிக்ஸ் சிறகு, இன்னொருவருக்கு 39 கோடியில் நினைவிடம். அதுவும் போதாமல், கடலுக்குள் 134 அடி உயரத்தில் 81 கோடி ரூபாய்க்கு ஒரு பேனாவை நட்டுவைக்கத் திட்டம் போட்டார்கள். தொல்லியல் புத்தகத்தில் இதற்கு நெடுங்கல் என்று பெயர். 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்கு மெரினாவில் இடம் உண்டா இல்லையா என்று கிரீன்வேஸ் சாலையில் நீதிபதி வீட்டிலேயே இரவு நீதிமன்றம் கூடிற்று. விடிந்ததும் தீர்ப்பு. ஒரு கல்லறைக்கான வழக்கு இந்த மாநிலத்தில் ஒரே ராத்திரியில் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லாச் சாவுக்கும் ராத்திரி நீதிமன்றம் கூடுவதில்லை. அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியை மறித்து வேலி இருந்தது. 2020 ஏப்ரலில் இதே சென்னையில், கொரோனா தொற்றிச் செத்த மருத்துவர் ஒருவரைப் புதைக்கப் போன ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவரைச் சுற்றிக் கல்லை வைத்த ஊர். பரம்பரைத் தொழில், கல்லைக் கையிலிருந்து விடவில்லை.

மயிலாப்பூருக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் எலும்புக் குடத்தின் அருமை இந்த ஊருக்குத் தெரிந்த மாதிரி வேறெங்கும் தெரியாது. பாம்பு தீண்டிச் செத்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் அவள் தகப்பன் சிவநேசர் ஒரு குடத்தில் வைத்துக் காத்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வந்தாள். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று காலையில் குளக்கரையில் ஐதீகமாக இது நடக்கும். கூட்டம் கண்ணீர் மல்கப் பார்க்கும். தாழிக்குள் எலும்பு வைத்துக் காத்திருக்கிற கதைக்கு இத்தனை கண்ணீர் சிந்துகிறவர்கள், அரைமணி தூரத்தில் உண்மையான தாழிகள் ஜேசிபி வாளியில் போகும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரசாத வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, சம்பந்தர் வழி தவறிப் பல்லாவரம் பக்கம் போய்ப் பாடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேழை விரிந்து ஒரு கிழவர் எழுகிறார். தலையில் மண், கையில் துருப்பிடித்த வாள். சுற்றிலும் பார்க்கிறார். பக்கத்து வட்டத்தில் படுத்திருந்த தம்பியைக் காணோம், அந்த இடத்தில் கார் நிறுத்தமும் குழந்தைகள் சறுக்குமரமும் இருக்கின்றன. நியாயம் கேட்கத் தாலுகா ஆபீஸுக்கு நடக்கிறார். வாளை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

“என்ன வேணும், பெரியவரே?”

“என் தம்பி இருந்த இடத்துல வீடு கட்டிட்டாங்கப்பா. என் இடத்துக்கும் கொடி நட்டுட்டாங்க.”

“பட்டா இருக்கா?”

“கல்லு இருந்துச்சு. சுத்தி இருபத்தோரு கல்லு.”

“கல்லெல்லாம் செல்லாது. எல்லைக்கல்லுன்னா சர்வே டிபார்ட்மென்ட் நட்டிருக்கணும். எப்ப இறந்தீங்க?”

“ஞாபகம் இல்ல. இரும்பு புதுசா வந்த காலம்.”

“இறப்புச் சான்றிதழ்? அதுவும் இல்லியா? அப்ப நீங்க செத்ததுக்கே ஆதாரம் இல்ல. சம்பந்தர் பாடினாருன்னு சொல்றீங்க, அவருகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்க ஏதாவது கட்சி ஆரம்பிச்சிட்டுச் செத்திருக்கணும் ஐயா. கடற்கரையில பிளாட்டே அலாட் ஆயிருக்கும்.”

கிழவருக்கு அது புரியவில்லை. “எனக்குப் பேரன் பேத்தி உண்டுப்பா,” என்றார். “கோட்டூர்புரத்துல பெரிய மண்டபத்துல கூடியிருந்தாங்க. நாங்க அவரோட வாரிசு, ஐயாயிரம் வருஷத்து வாரிசுன்னு மைக்குல சொன்னாங்க. மயிலாப்பூர்லயும் ஆகஸ்டு மாசம் சொல்வாங்களாம். அவங்க வந்து சொன்னா ஒத்துக்குவீங்களா?”

குமாஸ்தா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து, நூல் கட்டிய கோப்பு ஒன்றை எடுத்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்துக் கோப்பைக் கிழவர் பக்கம் திருப்பினார்.

“வாரிசு தாராளமா இருக்காங்க ஐயா. எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் வித்திருக்காங்க. பத்திரம் பதிவாயிடுச்சு.”